கேமரா வேண்டாம் என்றேன்

ஞாயிறு, இரவு

கவிதாவும் மாப்பிள்ளையும் சாயங்கால ரயிலில் கிளம்பிப் போனார்கள். நாளை மறுநாள் ஜெர்மனியில் இருப்பார்கள்.

காலையில் நடந்ததே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்குள் மாட்டுவதற்குக் கவிதா ஒரு கேமரா வாங்கி வந்திருந்தாள். "அடுப்படியில மாட்டிட்டுப் போறேம்ப்பா. அங்கேருந்தே போனுல உங்களப் பாத்துக்குவேன்" என்றாள். ஏன் அடுப்படியில் என்று நான் கேட்கவில்லை. போன வருஷம் அவள் அம்மா அங்கேதான் விழுந்து கிடந்தாள். செராமிக் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து நான் வரும்வரை யாருக்கும் தெரியவில்லை. அதற்குள் உயிர் போயிருந்தது.

மாப்பிள்ளை தோமாஸ் ஜெர்மன்காரர். கூடாது என்று தலையாட்டினார். அவர் பேசியதைக் கவிதாதான் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"ஒருத்தர அவரு வூட்டுக்குள்ளயே கண்காணிக்கிறது தப்பாம்ப்பா. கவர்மெண்டு செஞ்சாலும் புள்ளைங்க செஞ்சாலும் ஒண்ணுதானாம். அந்தக் காலத்துல கிழக்கு ஜெர்மனில இவரு தாத்தா வூட்டுல பேசினத ரகசியப் போலீசு ஒட்டுக்கேட்டுதான் ஜெயில்ல போட்டாங்களாம். உங்க இஷ்டத்தக் கேக்கச் சொல்றாரு."

மாப்பிள்ளை என் முகத்தையே பார்த்தார். அத்தனை மரியாதையாக யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"அவரு சொல்றது சரிதாம்மா. எனக்கு எதுக்குக் கேமரா?" என்றேன்.

அவள் அதைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

மாப்பிள்ளை நல்லவர். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்றுதான் எனக்கு ஆசையாக இருந்தது.

சாப்பிட்டீங்களா என்று சென்னையிலிருந்து இப்போது மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். சாப்பிட்டேன் என்று போட்டேன். அடுப்பே பற்றவைக்கவில்லை.