மாடி அறையில் இடமில்லை

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. வகுப்பில் என் நாற்காலியைக் காணோம்.

என் 7-ஏ-யில் மட்டுமல்ல. எந்த வகுப்பிலும் இல்லை. விடுமுறையிலேயே எல்லாவற்றையும் மாடி ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டிவிட்டார்களாம். ஆசிரியர் கூட்டத்தில் முதல்வர் கோமளம் தாளைப் பார்த்துப் படித்தாள். இனி எல்லோரும் நின்றபடிதான் பாடம் நடத்த வேண்டும். ஆசிரியர் உட்கார்ந்தால் வகுப்பு தூங்கிவிடும். தாளாளரின் முடிவு.

தாளாளர் என்றால் ஸ்ரீவத்ஸன். பெரியவர் ஜானகிராமன் காலமான பிறகு பொறுப்புக்கு வந்த அவர் மகன். சென்னையில் இருந்துகொண்டே வகுப்புக் கேமராவில் எங்களைப் பார்க்கிறவர். வியாழக்கிழமை மட்டும் கடற்கரைச் சாலை வழியாகக் காரில் கடப்பாக்கம் வருவார், சாயங்காலம் போய்விடுவார்.

அத்தனை ஆசிரியர்களில் ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. நான் கேட்டேன், "உன் ரெண்டு பசங்களுக்கும் நான் உக்காந்துதானே கணக்கு சொல்லிக் குடுத்தேன் கோமளம், தூங்கவா செஞ்சாங்க?" அவள் நிமிரவில்லை. அப்புறம் பேசலாம் ஞானம்பா என்றாள். அப்புறம் என்பது வரவே இல்லை.

ஜூன் 3

ஆறு பீரியட். வலது முட்டி வீங்கியிருக்கிறது. அறுபத்திரண்டு வயதில் இது தேவையா?

ஜூன் 5

வீட்டிலிருந்து ஸ்டூல் எடுத்துப் போனேன். செய்யூரில் பஸ் ஏறும்போதே கண்டக்டர் ஆரம்பித்துவிட்டான். "இன்னாம்மா, சீட்டு கெடைக்காதுன்னு வூட்லர்ந்தே எடுத்தாந்துட்டியா?" பஸ் முழுக்கச் சிரிப்பு. சிரிக்கட்டும்.

பள்ளி வாசலில் வாட்ச்மேன் மணி மறித்தான். இதை உள்ளே விடக்கூடாது என்று கோமளம் போன் செய்திருக்கிறாள். தன் அறைக் கண்ணாடி ஜன்னல் வழியாக நான் பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் பார்த்திருப்பாள். ஸ்டூலை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் மணி அதில் உட்கார்ந்திருக்கிறான். பாவம், அவனுக்கும் நாற்காலி கிடையாது.

நாளைக்கும் எடுத்துப் போவேன்.

ஜூன் 11

தினமும் எடுத்துப் போகிறேன். தினமும் மணி உட்காருகிறான்.

தம்பி மனைவி போனில், "வேலைய வுட்டுத் தொலைங்களேன் அண்ணி" என்கிறாள். விட்டுவிட்டு? நான் படித்தது பத்தாவது. மற்றதெல்லாம் பழைய புத்தகக் கடைப் புத்தகத்தில் நானே படித்தது. பெரியவர் என்னை ஆபீஸ் வேலைக்குத்தான் எடுத்தார். கணக்கு வாத்தியார் நடுவருடத்தில் ஓடிப்போனார், ரெண்டு நாள் வகுப்பைப் பார்த்துக்கொள்ளம்மா என்றார் பெரியவர். அந்த ரெண்டு நாள் இருபத்தேழு வருஷமாகிவிட்டது. ஆனாலும் பள்ளிப் பதிவேட்டில் இன்றுவரை நான் அலுவலக உதவியாளர். வேறு எந்தப் பள்ளிக்குப் போனாலும் பி.எட். இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். என் வீட்டுக்காரர் போன பிறகு இந்தச் சம்பளம்தான் எனக்குச் சோறு.

இது ஸ்ரீவத்ஸனுக்கும் தெரியும். அதுதான் விஷயமே.

ஜூன் 19, வியாழன்

ஸ்ரீவத்ஸன் கூப்பிட்டு அனுப்பினார். சத்தம் போடுவார் என்று பதிலெல்லாம் தயார் செய்துகொண்டு போனேன். எழுந்து நின்று கும்பிட்டார்! அப்பா காலத்து மனுஷி நீங்கள், உங்களுக்கு இந்த விதி பொருந்தாது, உங்கள் வகுப்பில் மட்டும் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன் என்றார். தயார் செய்த பதில் ஒன்றும் உதவவில்லை.

மூன்றாவது பீரியடில் மணி நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். பிள்ளைகள் கை தட்டினார்கள். உட்கார்ந்தேன். ஜெயித்துவிட்டேன்.

ஜூன் 20

ஸ்டாஃப் ரூமில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது.

ஜூன் 24

பக்கத்து வகுப்பு 7-பி பூங்கொடியுடையது. போன வருஷம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலில் கம்பி வைத்திருக்கிறாள். இன்று சாப்பாட்டு நேரத்தில் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டிருந்தாள். வலிக்கிறதா என்றேன். "உங்களுக்கு இன்னா மிஸ், நாற்காலி கீது" என்றாள், டப்பாவை மூடிக்கொண்டே.

எனக்குக் கோபம் வந்தது. நீயும் கேள் என்றேன். நான் கேட்டபோது நீங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தீர்களே, அப்போது இந்தக் கால் எங்கே போயிருந்தது என்றேன்.

"நான் கேட்டா நாளைக்கே வேற ஆளு வெப்பாங்க மிஸ். உங்களாட்டம் நான் ஒண்ணும் பெரியவர் வெச்ச ஆளு இல்ல."

தப்பாக என்ன சொன்னேன்? கேட்டவளுக்குக் கிடைத்தது. அவ்வளவுதானே. அவ்வளவுதானா?

ஜூலை 1

பூங்கொடி வந்து கேட்டாள். நாலாவது பீரியட் மட்டும் வகுப்பை மாற்றிக்கொள்ளலாமா? அவள் 7-ஏ-யில் அறிவியல் எடுப்பாள், நான் 7-பி-யில் கணக்கு. முடியாது என்றேன். வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவள் உட்கார்ந்தால் கேமராவில் தெரியும், எனக்கும் சேர்த்துப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயம். ஆமாம், பயம்தான். இங்கே எழுதுவதற்கு என்ன.

ஜூலை 3

இன்று நானே போய் மாற்றிக்கொள்ளலாம் என்றேன். அவள் கண்ணைப் பார்க்கவில்லை. நாலாவது பீரியட் முழுக்க 7-பி-யில் நின்றேன். ஒரு பீரியட்தானே, ஒன்றும் ஆகிவிடவில்லை.

ஜூலை 8

பூங்கொடிக்கு மெமோ. அனுமதியில்லாமல் உட்கார்ந்ததற்கு அரை நாள் சம்பளம் பிடித்தம். எனக்கு ஒன்றும் இல்லை. ஒரு வார்த்தை இல்லை!

நான்தான் காட்டிக் கொடுத்தேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். முகத்திலேயே தெரிகிறது. அந்த ஆள் எனக்கு எதற்குக் கும்பிடு போட்டான் என்று இப்போதுதான் புரிகிறது. நாற்காலி போட்டு என்னைத் தனியாகக் கட்டிப்போட்டுவிட்டான். அதில் உட்கார்ந்துகொண்டு இனி நான் எதைக் கேட்க முடியும்?

ஜூலை 9

நாற்காலியை நானே தூக்கிக்கொண்டு போய் கோமளம் அறையில் வைத்தேன். எல்லோருக்கும் போடு, இல்லையென்றால் எனக்கும் வேண்டாம் என்றேன்.

கதவைச் சாத்தினாள். இந்தப் பள்ளியில் நாங்கள் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். "நீ உக்காரலேன்னா நின்னுக்கோ. ஆனா நாற்காலி உன் கிளாஸ்லயே இருக்கணும். அவர் கேமராவுல பாப்பார், எங்கேன்னு என்னைக் கேப்பார். நான் என்ன பண்ணட்டும் ஞானம்பா? எனக்கு மட்டும் வேற எடம் காத்துண்டிருக்கா?"

முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறாள்.

மணி திரும்பக் கொண்டுவந்து போட்டுவிட்டான்.

ஜூலை 10

காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று பாடம் நடத்தினேன்.

ஜூலை 17

அப்படியேதான். முதல் பெஞ்சில் ஒரு பெண் கேட்டாள், அது யாருக்கு மிஸ்?  ஸ்டாஃப் ரூமிலும் யாரும் நம்பவில்லை. நடிப்பு என்கிறார்கள். நடிப்புக்கு முட்டி வீங்குமா?

ஜூலை 31, வியாழன்

அங்கீகாரம் புதுப்பிக்க அடுத்த வாரம் அதிகாரிகள் ஆய்வுக்கு வருகிறார்கள்.

ஆய்வு என்றாலே எனக்குக் கசப்பு. பி.எட். இல்லாதவள் வகுப்பில் இருக்கக் கூடாது. பெரியவர் காலத்தில் முதல் நாள் சாயங்காலம் வந்து, நாளைக்கு வர வேண்டாம்மா என்பார், சுவரைப் பார்த்துக்கொண்டு. அவருக்காவது வெட்கம் இருந்தது. இந்த முறை வீட்டில் இருந்தால் சம்பளம் கிடையாதாம். மாடி ஸ்டோர் ரூமில் உட்கார வேண்டுமாம், உள்ளே தாழ் போட்டுக்கொண்டு.

ஆகஸ்ட் 6, புதன்

நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

காலையில் மணி ஸ்டோர் ரூமைத் திறந்து நாற்காலிகளை எல்லாம் கீழே இறக்கினான். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒன்று. துடைத்துப் போட்டார்கள். அதிகாரிகள் பார்க்கும்போது ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்க வேண்டுமே. கடைசி நாற்காலி வெளியே போனதும் கோமளம் என்னை உள்ளே அனுப்பினாள்.

தரையில் தூசியில் நாற்காலிக் கால்கள் பதிந்த குழிகள். அவை இருந்த இடத்தில் நான். சிரிப்பு வந்தது, பிறகு அழுகையும் வந்தது. ஜன்னலை ஒட்டி நின்றேன். நேர் கீழே 7-ஏ-வும் 7-பி-யும். என் வகுப்பில் வைஷாலியின் குரல். பி.எட். முடித்த சின்னப் பெண், ஆய்வுக்காக வைத்தவள். நன்றாகத்தான் நடத்தினாள்.

மூன்று மணிக்குக் கதவு தட்டும் சத்தம். மணி. பிள்ளைகள் விளையாட்டு மைதானத்துக்குப் போய்விட்டார்கள், அதிகாரிகள் வகுப்புகளைப் பார்த்து முடித்துக் கீழே காபி குடிக்கிறார்கள், அதற்குள் நாற்காலிகளை ஏற்றிவிடச் சொல்லி சார் போனில் உத்தரவு.

"மேடம், தொறங்க. நாற்காலி வெக்கணும்."

"இடமில்ல மணி."

"உள்ள காலியாத்தான கீது?"

"நான் இருக்கேன்ல."

 அவன் சிரித்தது கேட்டது. "பேஜாருதான் போ" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனான்.

பிறகு கோமளம். சத்தம் போட முடியாது, கீழே அதிகாரிகள். கதவோடு கதவாக வாயை வைத்துப் பேசினாள். திற என்றாள். என் வேலை போய்டும் என்றாள். உன் வேலை எப்பவோ போச்சு, இன்னும் நீ கவனிக்கலே என்றேன்.  அவள் போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

பள்ளி பஸ்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகுதான் திறந்தேன். நாற்காலிகள் வகுப்பிலேயே இருந்தன.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஸ்ரீவத்ஸன் இன்று கும்பிடவில்லை. ஆசிரியர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால் 7-ஏ எனக்கு உண்டு. இல்லையென்றால், "பதிவுல நீங்க ஆபீஸ் அசிஸ்டன்ட்தானே. அந்த வேலையே பாருங்க."

மன்னிப்பு முடியாது என்றேன். பின்னங்கள் பாடம் பாதியில் நிற்கிறது என்று சொல்ல நினைத்தேன்.

ஆகஸ்ட் 8

மாடி ஸ்டோர் ரூம் என் பொறுப்பு. சீருடை, நோட்டுப் புத்தகம் கொடுக்கும் வேலை. இதுவரை ஆபீஸ் தாழ்வாரத்தில் கிடந்த மூட்டைகளை எல்லாம் கோமளம் மேலே ஏற்றச் சொல்லியிருக்கிறாள். காலையிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. சுவரோடு சுவராக, ஜன்னல் வரை. ஜன்னல் ஓரம் எனக்கு ஒரு ஆள் நிற்கிற இடம்.

மூச்சு முட்டுகிறது. என்னைப் பார்க்காமல் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள் பாவி.

ஆகஸ்ட் 11

முட்டி. வேறொன்றுமில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

சாயங்காலம் மணி மேலே வந்தான், ஆபீஸில் நடந்ததைச் சொல்ல. நாற்காலிகள் ஏன் இன்னும் வகுப்பில் இருக்கின்றன என்று ஸ்ரீவத்ஸன் கத்தினாராம். கோமளம், "ஸ்டோர்ல இடமில்ல சார், மூட்டையா இருக்கு" என்றாளாம். வேறு இடம் பாருங்கள் என்றாராம். பார்க்கிறேன் சார் என்றாளாம்.

"அந்தம்மா சார்னு சொல்லும்போது குரலே வேற மாதிரி இருந்திச்சு மேடம்" என்றான் மணி.

மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தேன். ஆபீஸ் தாழ்வாரத்தில் வருஷக்கணக்காகக் கிடந்தவை. யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. எதற்கு மேலே ஏற்றினாள் என்று அப்போதுதான் உறைத்தது.

மன்னிக்கவில்லை. ஆனால் புரிந்தது.

ஆகஸ்ட் 28, வியாழன்

கோமளம் இன்னும் இடம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பூங்கொடி மேலே வந்தாள், நோட்டு வாங்க. முதல் முறை. வாசலிலேயே நின்று அறையைப் பார்த்தாள். "இன்னா மிஸ், உங்களுக்கு ஒரு நாற்காலி போடலியா?" என்றாள். போடவில்லை என்றேன். கோமளத்திடம் கேட்கட்டுமா என்றாள். மூன்று மாதத்துக்கு முன் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று வாய் வரை வந்தது. வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். இந்த அறைக்குள் ஒரு நாற்காலி நுழைந்தால், அடுத்ததுக்கு இடம் இருக்கிறது என்பார்கள்.

மூட்டை மேலாவது உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.

உட்காரவில்லை. ஜன்னல் ஓரம் நின்றேன். நாலாவது பீரியட் மணி அடித்தது. கீழே 7-ஏ-யில் வைஷாலி கணக்கு ஆரம்பித்தாள். 7-பி-யில் பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். பிறகு சிமெண்டுத் தரையில் நாற்காலி இழுபடும் சத்தம்.