மறைத்து வைத்த பி.இ.

மார்ச் 6, வியாழன்

காலையிலிருந்து மழை. மார்சிலிங் ஸைட்டில் வெளிப்பக்க பெயின்ட் வேலை நிறுத்தம். சும்மா விடுவார்களா, சிமென்ட் மூட்டை ஏற்றச் சொன்னார்கள். சாக்ஸ் வாங்க வேண்டும்.

சூப்பர்வைசர் இடம் ஒன்று காலி. சம்பளம் இப்போது வாங்குவதைப் போல இரண்டு மடங்கு. மச்சானிடம் போனேன். அக்கா வீட்டுக்காரர், இங்கே ஃபோர்மன்.

“இப்பவாவது பி.இ.ன்னு சொல்லிடலாமா மச்சான்?”

“அவசரப்படாத மாப்ள. ஆபீஸ்ல நான் பேசுறேன்.”

ஊரிலிருந்து என்னை இந்த வெளிநாட்டுக்குக் கூட்டி வந்தவரும் அவர்தான், படிப்பை மறைக்கச் சொன்னவரும் அவர்தான். “படிச்சவன்னு தெரிஞ்சா லேபர் வேலைக்கு எடுக்க மாட்டாங்க. பத்தாவதுன்னு போடு.” போட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

தேக்கா கடைத்தெரு, நம்மூர் சாப்பாடு. மச்சான், அவர் தம்பி, நான். மூன்று பிரியாணியும் மச்சான் செலவு. டீக்குக்கூடக் கணக்குப் பிரிப்பவர். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கை கழுவும் இடத்தில் தம்பி: “சூப்பர்வைசருக்கு எம் பேரத்தான் அண்ணன் குடுத்திருக்கு. ஒங்கள்ட்ட சொல்லிட்டேன்னுச்சேண்ணே?”

அவன் டிப்ளமோ. போன வருடம் வந்தவன். நல்ல பையன்தான். அவனைத் திட்டவும் வழியில்லை.

சாயந்திரம் ஊருக்கு ஃபோன். அக்காவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

“கோவிச்சுக்காதடா. நீ படிச்சவன், எப்படியும் பொழச்சுக்குவ. அவுங்க தம்பிக்கு எங்கள விட்டா யாரு இருக்கா?”

‘எங்கள’. அதில் நான் இல்லை.

அப்பாவின் கடலைக் கொல்லை வானம் பார்த்த பூமி. வீட்டில் உலை கொதித்தது அக்காவின் மில் சம்பளத்தில். என் காலேஜ் ஃபீஸும் அதில்தான். பத்தாவதோடு நின்றவள் சம்பாதித்தாள், பி.இ. இங்கே மூட்டை தூக்குகிறது. அவள் மேல் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கோபம்தான்.

மார்ச் 10, திங்கள்

வெயில். முதுகு வலி. வேலை போனால் போகட்டும் என்று ஆபீஸுக்குப் போய் பி.இ. சான்றிதழை ஃபோனில் காட்டினேன். எங்கள் பேப்பரெல்லாம் பார்ப்பது சாந்தி அக்கா, இந்த ஊர்க்காரர்.

“சிவில் எஞ்சினியரா? ஃபார்ம்ல பத்தாவதுன்னு இருக்கே. முன்னாடியே சொல்லியிருக்கலாம் லா. இப்ப பாஸ் கேட்டா நான் என்ன சொல்றது?”

“மச்சான்தான் மறைக்கச் சொன்னாருக்கா.”

மச்சானைக் கூப்பிட்டு அனுப்பினார். வந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

“எனக்கே இப்பதாங்க தெரியும். இவன் படிச்சத யார்ட்டயும் சொல்லல.”

அவருடைய கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் தம்பி என்று என் பெயர் மட்டும் அச்சாகி வந்தது. பக்கத்தில் பி.இ. போடாமல் எப்படி ஊருக்குக் கொடுப்பது என்று மொத்தக் கட்டையும் அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பியவர் இவர்.