லீவு விடட்டும்

இன்று காலை அரியலூர் கோர்ட்டின் பலகையில் கோடை விடுமுறை அறிவிப்பை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மாவுப் பசையின் புளித்த வாசனை வந்ததும், பாய், நீங்கள் பின்னால் நின்று, "நம்ம லீவு சந்தோஷத்துக்கு முன்னாடி பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க தோத்துதுங்க வக்கீல் சார்" என்று சிரிப்பது போலிருந்தது. திரும்பிப் பார்த்தேன். இந்த வயதிலும் அப்படித் திரும்பிவிடுகிறேன்.

மே மாதம் சிவில் கோர்ட்டுகள் மூடிவிடும் என்பதற்காகவே காத்திருப்பவர்கள் உண்டு. செந்துறைப் பக்கத்து அம்மாள் ஒருவர் என்னிடம் வந்தது அப்படித்தான். கோர்ட்டுக்கு லீவு விட்ட மறுநாளே அவருடைய கொழுந்தனார் ஜேசிபி கொண்டுவந்து, பங்குக் கிணற்றில் கல்லும் மண்ணும் கொட்டத் தொடங்கியிருந்தார். அந்தக் கிணறு போனால் அவருடைய கொல்லை தரிசு.

விடுமுறையிலும் அவசர வழக்குகளுக்காக ஒரு நீதிபதி அமர்வார். அந்த ஆண்டு பெரம்பலூரில். ஜூன் வரை ஏன் காத்திருக்க முடியாது என்பதை மனுவிலேயே காட்ட வேண்டும். ஒரு கிணறு அவசரம் ஆகுமா என்று எனக்குச் சந்தேகம். வழக்கம்போல, பெரம்பலூரில் வக்கீலாக இருந்த உங்களுக்குப் போன் செய்தேன்.

"ஜூன் வரைக்கும் தாங்குமா? அத மட்டும் சொல்லுங்க" என்றீர்கள்.

"தாங்காது பாய்."

"அப்பறம் என்ன ஆராய்ச்சி? எழுதிட்டு பஸ் ஏறுங்க. நான் ஸ்டாண்டுல நிக்கறேன்."

நீதிபதியும் அதையேதான் கேட்டார். நான் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் பின்னாலிருந்து என் கோட்டைப் பிடித்து இழுத்தீர்கள். "கிணற்றை மூடிய பிறகு தடை கொடுத்துப் பயனில்லை ஐயா" என்று எப்படியோ சொல்லி முடித்தேன். இடைக்காலத் தடை கிடைத்தது. அந்த அம்மாள் உங்களைத்தான் வக்கீல் என்று நினைத்துக் கும்பிட்டார். "அவுருதாம்மா பேசுனது. நான் கோட்டு இழுக்கறவன்" என்றீர்கள். பெரம்பலூரில் டீ குடிக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தோம்.

ஊர் வழக்குகள் ஜூனுக்குப் போகும். நம் சொந்த வேலைகள் மே மாதத்துக்குக் காத்திருக்கும். கல்யாணம், வீட்டுக்கு வெள்ளையடிப்பது, டாக்டரிடம் உடம்பைக் காட்டுவது, எல்லாவற்றுக்கும் வக்கீல்களிடம் ஒரே பதில், "லீவு விடட்டும்". நீங்களும் அதைத்தான் சொன்னீர்கள். பிறகொரு வருடம் பங்குனி வெயிலில் ஒரு வழக்குக்காக அரியலூர் வந்தவர், பாதிப் படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டீர்கள். முகமெல்லாம் வியர்வை.

"திருச்சில போயி காட்டணும். லீவு விடட்டும்."

"மே வரைக்கும் தாங்குமா பாய்?"

மெல்லத்தான் கேட்டேன். எனக்கு உரக்கக் கேட்க வராது.

"ஏன், அவசர மனு போடப் போறீங்களா?" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். "இன்ஷா அல்லாஹ், லீவுல முதல் வேல அதான்" என்றீர்கள்.

விடுமுறைக்குச் சில நாட்கள் இருக்கும்போது உங்கள் மகன் போன் செய்தார். உங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டுக்கு நான் வந்து சேர்ந்தபோது உங்களை அடக்கம் செய்யத் தூக்கிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். தெருமுனையில் என்னைப் போலவே கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிலர் நின்றார்கள். மே வந்தது. கோர்ட் மூடியது. உங்கள் கேள்வியை நான் கேட்ட விதம் சரிதானா என்று அந்த மாதம் முழுவதும் யோசித்தேன். இன்னும் தெரியவில்லை.

இன்று அந்தப் பலகையின் முன்னால், எனக்குத் தெரிந்த குமாஸ்தா ஒருவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே, "ரெண்டு வாரமா ஒரு மாதிரி அடைக்குது சார். லீவு விட்டதும் காட்டணும்" என்றார்.

"அதுவரைக்கும் தாங்குமா?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் உங்களைப் போலவே சிரித்தார். நான் சிரிக்கவில்லை, பாய். அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்காக அங்கேயே நின்றேன்.