எதிர்வாசல் வங்கிக்காரருக்கு

அண்ணே,

இன்று காலை காடு கரை பார்க்கும் வயதான சம்சாரி ஒருவர், பணம் எடுக்க வருகிறவர்களுக்கு உங்கள் வங்கியில் கொடுக்கும் பித்தளை டோக்கனை என் மேசைமேல் வைத்து, "இதுக்கு இனியாச்சும் பணம் வருமாய்யா?" என்று கேட்டார். அந்த வங்கி மூடிப் பத்து வருடம் ஆகிறது. நீங்கள் இறந்துபோயே இரண்டு வருடம். அவருக்குப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் போனதும் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

சின்னமனூர்க் கடைத்தெருவில் எதிரெதிரே இரண்டு வங்கிகள். ஒன்றின் கிளையை நடத்தும் ஏஜெண்டு நீங்கள், மற்றதற்கு நான். டெபாசிட்டுக்கு நீங்கள் வட்டியைக் கால் சதம் ஏற்றினால் மறுவாரம் நான் அரை சதம் ஏற்றுவேன். சாயங்காலம் சேர்ந்து காப்பி குடிக்கையில், "போட்டி போட்டே ரெண்டு பேரும் ஆண்டியாகப் போறம் தம்பி" என்று சிரிப்பீர்கள். எனக்கு உள்ளூரப் பயம்தான். அந்த வட்டியைக் கட்டுவதற்காகத் தோட்டங்களின்மேல் கேட்டவருக்கெல்லாம் கடன் கொடுத்திருந்தோம். அவசரத்துக்குத் திரும்பி வருகிற பணமில்லை அது.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வங்கி முறிந்த செய்தி கம்பம் வழியாக வந்தது. உங்கள் வாசலில் கூட்டம் சேர்ந்தது. தினமும் பன்னிரண்டு மணிக்குச் சன்னலைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போகிற நீங்கள், வெயிலில் நிற்கிறார்களே என்று அன்று சாத்தவில்லை. அதுவே வினையாயிற்று. "ஏஜெண்டு சோத்துக்குக்கூடப் போகாம உக்காந்திருக்காகன்னா உள்ள என்னமோ நடக்குதப்பா" என்று ஒருவர் சொல்ல, தெருவே திரண்டது. உங்களிடம் எடுத்த பணத்தை அப்படியே தெருவைத் தாண்டி வந்து என்னிடம் போட்டார்கள். நானும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மூன்று மணிக்குப் பின்வாசல் வழியாக வந்தீர்கள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "பெரியகுளம் மாந்தோப்புப் பத்திரமெல்லாம் இந்தா இருக்கு. நாளைக்கு மதுரையில இருந்து பணம் வந்துரும். அதுவரைக்கும் கைமாத்தாக் குடு தம்பி" என்றீர்கள்.

"தலைமை ஆபீசுக்குத் தந்தியடிச்சுக் கேக்குறேண்ணே" என்றேன்.

ஐந்து மணிக்கு மறுபடியும் வந்து, "பதில் வந்துச்சா?" என்றீர்கள். "வரலண்ணே" என்றேன்.

மறுநாள் பத்து மணிக்கெல்லாம் உங்கள் பெட்டி காலி. கதவைச் சாத்தினீர்கள். அந்தச் செய்தி பரவியதும் மற்ற ஊர்க் கிளைகளையும் கூட்டம் மொய்த்தது. மதுரையிலிருந்து கிளம்பவிருந்த பணம் கிளம்பவே இல்லை.

மூன்றாம் நாள் அதே கூட்டம் என் வாசலில். என் கையிருப்பு மத்தியானம் வரைகூடத் தாங்காது. நீங்கள் வந்து என் படியில் ஏறி நின்றீர்கள். யாரோ உங்கள்மேல் மண்ணை வாரி வீசினார். அதைத் தட்டிவிடக்கூட இல்லை. "நல்லா இருந்த பேங்கத்தான் நேத்துச் சாச்சுப்புட்டீக. இதையும் சாச்சா உங்க பணத்த எங்கன கொண்டுபோயி வப்பீக?" என்றீர்கள். பாதிப் பேர் கலைந்து போனார்கள். எங்கள் தலைமை ஆபீஸ் பணம் வந்து சேரும்வரை அதில்தான் பிழைத்தேன்.

இப்போது டில்லியில் புதுச் சட்டம் வருகிறதாம். வங்கிகளின் கையிருப்பை ஆய்வாளர் வந்து பார்ப்பாராம். நல்லதுதான், வரட்டும். ஆனாலும் வாசலில் நாலு பேர் கூடிப் பேசினாலே எழுந்துபோய்ப் பெட்டியில் இருக்கிற பணத்தை எண்ண ஆரம்பித்துவிடுகிறேன். அன்று நீங்கள் என்னைக் காப்பாற்றியது ஊருக்கே தெரியும். நான் உங்களுக்குச் செய்தது எனக்கு மட்டும்தான் தெரியும். அது பயமா, பேராசையா என்று இன்றுவரை பிடிபடவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒருநாளும் வாய் வரவில்லை.

அந்தத் தந்தியை நான் அனுப்பவே இல்லை, அண்ணே.