கண் மூடச் சொல்லாத யோகா வகுப்பு

18-4-2005, திங்கள்
வெயில் தாங்கவில்லை. எங்கள் ஊர் பிரம்மதேசத்தில் ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடித்தேன். பின்சீட்டில் இரண்டு பெண்கள்: "இதான் சுனாமி ஆபீசுக்குப் போற பொண்ணு." "இன்னா வேலையாம்?" "மூச்சு உட சொல்லித்தராங்களாம்." ஒரே சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

முதல் வகுப்பு! அனுமந்தைக்கு அந்தப் பக்கம் உள்ள குப்பம். சுனாமியில் வீடு போனவர்களுக்குக் கட்டிய தகரக் கொட்டகைகளில் கடைசிக் கொட்டகை எங்களுக்கு. நானே பெருக்கி, பாய் விரித்து, நாலு மணிக்குத் தயார். ஒன்பது பெண்கள். பதிமூன்று முதல் பதினேழு வயது. யாரும் பள்ளிக்கூடம் போவதில்லை. விடிவதற்கு முன் உப்பளம், மதியம் தூக்கம், பிறகு இங்கே. எல்லோர் காலிலும் உப்பு அறுத்த வெடிப்பு.

பாண்டிச்சேரிப் பயிற்சியில் சொன்னவை (மறக்காமல் இருக்க):
- தொடக் கூடாது.
- "செய்" என்று சொல்லக் கூடாது.
- கண் மூடச் சொல்லக் கூடாது.
- கதவு திறந்தே இருக்க வேண்டும்.
- அன்று நடந்ததை நாமாகக் கேட்கக் கூடாது.

பயிற்சியில் இதையெல்லாம் எழுதும்போது உள்ளுக்குள் கேலி. நான் மாவட்டப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியவள். எங்கள் மாஸ்டர் குச்சியால் தட்டித்தான் முதுகை நிமிர்த்துவார்.

முதல் விதியையே உடைத்தேன். முன்னால் குனிகிற ஆசனம். மகேஸ்வரி என்ற பெண்ணுக்கு முதுகு வளைந்திருந்தது. கை தானாகப் போய்விட்டது. அவள் அலறிக்கொண்டு வெளியே ஓடினாள். எட்டுப் பேரும் என்னையே பார்த்தார்கள்.

அவர்களில் மேரி என்ற ஒருத்தி சொன்னாள்: "அவள முதுகுல தொடக் கூடாது டீச்சர். அன்னிக்கு அவங்கம்மா சட்டையப் புடிச்சிதான் தண்ணியிலேர்ந்து இழுத்தாங்க. இன்னொரு கையில தம்பி. அவன் போயிட்டான்."

பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்தவர் பல்வலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

19-4, செவ்வாய்
வர மாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றாள்.

எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்: "நேத்து கேக்காம தொட்டுட்டேன். தப்பு என்னுது. இனிமே தொட மாட்டேன்."

"எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

வந்து கதவோரம் உட்கார்ந்தாள். எனக்குக் கோப்பை கிடைத்த மாதிரி இருந்தது.

21-4, வியாழன்
செருப்பு வார் அறுந்தது. ஊக்கு குத்திச் சமாளித்தேன். அஞ்சல் வழி பி.ஏ. புத்தகம் மூன்று வாரமாகப் பிரிக்கவில்லை. பார்க்க வேண்டும்.

"வேணும்னா கைய தூக்கலாம். வேணாம்னா அப்படியே இருக்கலாம்" என்று பேசப் பழகிக்கொண்டிருக்கிறேன். வாய் பழைய ஞாபகத்தில் "தூக்கு, நிறுத்து, எண்ணு" என்றே போகிறது. மேரிக்கு இந்த 'வேணாம்' ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு மணி நேரமும் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நெஜமாவே திட்ட மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"ஆபீசுல சொல்ல மாட்டீங்களா?"

"மாட்டேன்டீ."

முடிகிற நேரத்தில் தானாக ஒரு கையை மட்டும் தூக்கினாள். ஒரே ஒரு கை!

22-4, வெள்ளி
இன்று நடந்ததை இப்போதே எழுதியாக வேண்டும். மூச்சை நீளமாக வெளியே விடுவதைச் சொல்லித் தந்துகொண்டிருந்தேன். பயிற்சித் தாளில் 'கடல் அலை போல' என்று போட்டிருக்கிறது. நல்லவேளை, முன்கூட்டியே அடித்துவிட்டேன். அதற்குப் பதிலாக எதைச் சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

மகேஸ்வரி எழுந்து நின்றாள். "டீச்சர், நாங்க உப்பு இழுக்கறப்போ பலகைய இழுத்துக்கினே மூச்ச உடுவோம். அந்த மாரியா?" செய்து காட்டினாள். கால் அகட்டி, இடுப்பிலிருந்து வளைந்து, இல்லாத பலகையை இழுத்து, ஹா... என்று ஒரு நீள மூச்சு. முதுகு என்ன அழகாக நிமிர்ந்து வருகிறது! நான் சொல்லித் தந்து வராதது.

ஒன்பது பேரும் கொட்டகைக்குள் உப்பு இழுத்தோம். என்னையும் சேர்த்தால் பத்து. "டீச்சருக்கு இழுக்கவே வர்ல" என்று மேரி. இவர்கள் இதைத் தினம் மணிக்கணக்கில் செய்கிறவர்கள், இப்போது ஒரு துளி உப்பு இல்லாமல் சிரித்துக்கொண்டு செய்தார்கள். எந்தப் புத்தகத்திலும் இதற்குப் பெயர் இல்லை.

25-4, திங்கள்
மேரியின் அம்மா வந்தார். இடுப்பில் கை. "சாமி பேரு ஏதாவது சொல்றீங்களாம்மா? நாங்க சர்ச்சுக்குப் போறவங்க."

"இல்லீங்க. மூச்சும் கைகாலும்தான். நீங்களே இருந்து பாருங்க."

பார்த்தார். பத்து நிமிடம் கழித்து: "எனக்கு இடுப்பு புடிச்சிக்குது. நானும் உக்காந்துக்கட்டா?"

மேரிக்கு வெட்கம் தாங்கவில்லை.

28-4, வியாழன்
காலையில் பக்கத்து வீட்டுப் போனில் விமலா மேடம், பாண்டிச்சேரி ஆபீசிலிருந்து. சனிக்கிழமை சென்னையிலிருந்து நாலு விருந்தினர். வகுப்பை இன்னும் மூன்று மாதம் நடத்தலாமா என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள். "டீ-ஷர்ட் பார்சல் வருது, போட வைங்க. கடைசியில எல்லாரும் வரிசையா சவாசனம். கண்ண மூடி. போட்டோல அமைதியா இருக்கும்."

துள்ளிக் குதித்துக்கொண்டு போனேன். நம் வகுப்பைப் பார்க்க வருகிறார்கள்! பார்சல் பிரித்தோம். வெள்ளை டீ-ஷர்ட். மேடம் கேட்டதைச் சொன்னேன். யாரும் டீ-ஷர்ட்டைத் தொடவில்லை.

மகேஸ்வரிதான்: "வேணாம் டீச்சர்."

"எது வேணாம்? டீ-ஷர்ட்டா?"

"வரிசையா படுக்கறது. அன்னிக்கு பள்ளிக்கூடத்துல அப்படித்தான் படுக்க வெச்சிருந்தாங்க. என் தம்பியும் அதுல இருந்தான். வெள்ளத் துணி. போட்டோகூட எடுத்தாங்க."

நான் கையில் வைத்திருந்த டீ-ஷர்ட்டைக் கீழே வைத்தேன்.

"வேணும்னா செய்யலாம்னு நீங்கதான சொன்னீங்க" என்றாள் மேரி, சண்டைக்கு வருகிற மாதிரி.

ஆமாம், நான்தான் சொன்னேன். மரக்காணம் வந்து எஸ்.டி.டி. பூத்தில் மேடத்துக்குப் போன். காரணத்தைச் சொன்னேன். மேடம்: "எனக்குப் புரியுது. ஆனா அவங்களுக்கு எதைக் காட்டுறது? இது நின்னு போனா உங்க வேலையும் நிக்கும்மா."

"பொண்ணுங்களையே கேட்டுக்கச் சொல்லுங்க மேடம்" என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்து வந்தது இந்தத் தைரியம்? பூத்தை விட்டு வந்ததும் பயமும் சந்தோஷமும் சேர்ந்தே.

அப்பாவிடம் சொல்லவில்லை.

30-4, சனி
வந்ததும் நோட்டை எடுத்துவிட்டேன்.

நாலு மணிக்கு வேன். மூன்று ஆண்கள், ஒரு அம்மா, கூடவே விமலா மேடம். பெண்கள் தங்கள் சொந்தத் துணியில். நேற்றே தங்களுக்குள் பேசி வைத்திருக்கிறார்கள், எனக்கே தெரியாது! உட்கார்ந்து கை தூக்கினோம், உப்பு இழுத்தோம். அந்த அம்மா கேமராவை எடுத்து, "இப்போ எல்லாரும் படுத்துக்கலாமே" என்றார்.

விமலா மேடம் என்னைப் பார்த்தார். நான் மகேஸ்வரியைப் பார்க்கவில்லை. பார்த்தால் அது சொல்லச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

அவளே எழுந்தாள். "நாங்க படுக்க மாட்டோங்க. கண்ணும் மூட மாட்டோம். அந்த மாரி போட்டோ எங்களுக்கு வேணாம். ஏன்னு கேக்காதீங்க."

பிறகு அவள், இன்னும் சத்தமாக: "நீங்க வேணும்னா படுத்துப் பாருங்க. பாய் இருக்குது."

மேடம் முகம் வெளுத்தது. அந்த அம்மா கேமராவை மூடிப் பைக்குள் வைத்தார். செருப்பைக் கழற்றினார். வந்து மகேஸ்வரி பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்து, "இங்க உக்காரலாமா?" என்று கேட்டார். கேட்டாரே! அப்புறம் மூன்று ஆண்களும். பேண்ட் இறுக்கிப் பிடித்ததில் சம்மணம் போட முடியாமல் ஒருவர். கடைசியில் வயதானவர் படுத்தே விட்டார். இரண்டு நிமிடத்தில் குறட்டை. மேரி வாயைப் பொத்திக்கொண்டு உருண்டாள். அத்தனை பேரும் சிரித்தோம், விமலா மேடம் உட்பட.

முடிவு எதுவும் சொல்லாமலே வேன் கிளம்பிவிட்டது. வகுப்பு நிற்கிறதா தொடர்கிறதா, தெரியாது. மகேஸ்வரி என்னிடம் வந்து, "வேலை போயிடுமா டீச்சர்?" என்றாள்.

"தெரியல."

"போனா உப்பளத்துக்கு வாங்க. நான் மேஸ்திரிகிட்ட சொல்றேன்."

2-5, திங்கள்
காலை ஆறரைக்குப் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார், போன் என்று. தலைகூட வாரவில்லை. விமலா மேடம்: "மூணு மாசம் இல்லம்மா, வருஷம் முழுக்க. இன்னும் ரெண்டு குப்பத்துலயும் ஆரம்பிக்கணும். அந்தப் பொண்ணு பேசினதுதான் காரணமாம்."

சாயந்திரம் வரை காத்திருக்க முடியவில்லை. கிடைத்த முதல் பஸ். மரக்காணத்தில் இறங்கி உப்பளத்துக்கே போய்விட்டேன். பாத்தி வரப்பில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டம். கண் கூசுகிறது, எங்கே பார்த்தாலும் வெள்ளை. தூரத்தில் குனிந்து இழுத்துக்கொண்டிருந்தவர்களில் எது யார் என்று தெரியவில்லை. "மகேசு! மேரி!" என்று கத்தினேன். மேஸ்திரி, "யாரும்மா நீ, வரப்ப ஒடைக்காத!" என்று கத்தினார்.

மகேஸ்வரி நிமிர்ந்தாள். மூச்சிரைக்கச் சொன்னேன். வருஷம் முழுக்க. இன்னும் இரண்டு ஊர். மேரி பலகையைப் போட்டுவிட்டு ஆடவே ஆரம்பித்துவிட்டாள்.

மகேஸ்வரி மட்டும் ஆடவில்லை. கையால் வெயிலை மறைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நல்லதுதான் டீச்சர். ஆனா நாங்க ஒத்துக்கணுமே. ஒம்போது பேரையும் கேக்கணும். நாலு மணிக்கு வாங்க, சொல்றோம்."

சொல்லிவிட்டுக் குனிந்து பலகையை இழுக்க ஆரம்பித்தாள்.

இப்போது மணி பத்தேகால். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டாவது டீ.