மாஸ்க்கைக் கழற்றிய கதை

நோர்வூட்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஜெயந்தினிக்கு,

அப்பா எழுதுகிறேன். மாரியாத்தா புண்ணியத்தில் நானும் அம்மாவும் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். போனில் நீ கேட்டபோது பிளேனில் சின்னக் கோளாறு என்று மழுப்பிவிட்டேன். முழுவதையும் வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது மகளே, அதனால்தான் எழுதுகிறேன். உன்னிடம் வந்திருந்தபோது, பிளேனில் தேத்தண்ணி ஊற்றுகிற வேலை நமக்கு வேண்டாம், மாதக் கடைசியில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வா என்று உன்னை அழவைத்துச் சத்தியம் வாங்கினேன் அல்லவா, அந்த வாயோடுதான் திரும்பும் பிளேனில் ஏறினேன்.

கிளம்பும்போது ஒரு சிங்களப் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும், நடுவில் நின்று பெல்ட்டையும் மாஸ்க்கையும் காட்டியது. என் மகளும் இப்படித்தானே இத்தனை ஆம்பிளைகள் முன்னால் நிற்கிறாள் என்று பற்றிக்கொண்டு வந்தது, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மாவையும் அங்க என்னாடி வேடிக்க என்று அதட்டினேன். பாதி வழியில் காதைக் குத்தியது, சில்லென்று ஆனது, மேலேயிருந்து மாஸ்க்குகள் விழுந்து தொங்கின. உள்ளே இருந்த காற்று குறைந்துபோனதாம். மாட்டினோம், ஆனால் அதிலிருந்த பை ஊதவே இல்லை. தோட்டத்தில் மருந்தடிக்கையில் மூச்சு முட்டினால் மாஸ்க்கைக் கழற்றி வீசியே பழகியவன் நான். இதுவும் பழுது என்று என்னுடையதைக் கழற்றினேன், அம்மாவுடையதையும் பிடுங்கினேன். அவள் வேண்டாங்க வேண்டாங்க என்று தலையை ஆட்டினாள். பிறகு உதடு நீலமாகி என் தோளில் சாய்ந்துவிட்டாள், எனக்கோ சிரிப்பு வந்தது. காற்றுக் குறைந்தால் புத்தி அப்படித்தான் மாறுமாம். அடப் பாவி, பெண்டாட்டி சாகக் கிடக்கிறாள், நான் சிரிக்கிறேன்!

அந்தப் பிள்ளை ஓடிவந்து எங்கள் வரிசையில் காலியாயிருந்த சீட்டில் விழுந்து, முதலில் தனக்கு மாட்டிக்கொண்டது. தன் உசிரத்தான் பாக்குறா என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் அம்மாவுக்கு மாட்டியது, எனக்கும் மாட்ட வந்தது, நான் அதன் கையைப் பிறாண்டித் தள்ளினேன். விடவில்லை, அமுக்கிப் பிடித்து மாட்டியது. பை ஊதாவிட்டாலும் காற்று வருமாம். பிளேன் கீழே இறங்கிய பிறகு அம்மா கண் திறந்தாள். அந்தப் பிள்ளை கையில் நகக்கீறலோடு வந்து, அப்பா, இப்போது பரவாயில்லையா என்று சிங்களத்தில் கேட்டது. எனக்குத் தலையை நிமிர்த்த முடியவில்லை.

அம்மாவுக்குக் காது இரைச்சல் மட்டும் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் பயமில்லை என்றார்கள். உனக்கு ஆபீசில் வேலை என்று ஊரில் சொல்லி வைத்திருந்தேன். நேற்றுக் கோயிலில் விஜிதரன் மாமாவிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். மகளே, வேலையை விடாதே. எழுதிக் கொடுத்திருந்தால் திருப்பி வாங்கு. வாங்கிய சத்தியத்தை நானே தள்ளிவிடுகிறேன், பாவம் என்னோடு போகட்டும்.

ஆத்தா உனக்குத் துணையிருப்பாள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நீ மாஸ்க்கைக் காட்டும்போது எவனாவது ஒரு கிழவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டால் கோபப்படாதே. கிட்டப் போய் இன்னொரு தடவை காட்டு.

இப்படிக்கு,
உன் அப்பா,
வீரய்யா