ஐந்து மணி நேரம் முந்தும் கடிகாரம்

என் செல்ல வாலுக்கு,

உன் அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே எனக்குக் கோபம் வந்துவிடும், இல்லாவிட்டால் அழுகை. அதனால்தான் கடிதம். அப்பா நன்றாக இருக்கிறார். தையல் பிரித்தாயிற்று. காலையும் மாலையும் தெருமுனை வரை நடக்கிறார். உப்பைக் குறைத்ததற்கு மட்டும் என்னைத் திட்டுகிறார்.

அவருக்கு இதய ஆபரேஷன் நடந்த அன்று காலை ஆறரைக்கு நீ கூப்பிட்டாய். நம் ஊர் விமானதளத்தில் மூடுபனி, நீ ஓட்டும் குட்டி விமானத்தை இறக்க முடியாது, அதனால் கிளம்பவில்லை என்றாய். நான் விட்டேனா? இந்த மேற்கு நாட்டில் குடியேறிய நாள் முதல் சலவைக்கடை நடத்துகிறவளுக்கா வானிலை தெரியாது? போனில் மூன்று ஆப் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் போர்வைகளைக் காயப்போடுகிறவள் நான். மூன்றும் வெயில் என்றன. அது போதாதென்று ஏதோ ஒரு இலவச இணையப் பக்கத்தில் அந்த விமானதளத்தின் அறிக்கையையே தேடிப் பிடித்து, ஆறு மணிக்குத் தெளிவாக இருந்ததாகப் போட்டிருக்கிறதே என்று உன்னோடு மல்லுக்கு நின்றேன். கடைசியில் அதையும் சொன்னேன். "பெத்த அப்பனைப் பாக்க வராம இருக்க உனக்கு வானம் ஒரு சாக்கா?" நீ போனை வைத்துவிட்டாய்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் போர்வைகளை உதறிப் போட மொட்டைமாடிக்குப் போனேன். மாடியில் நல்ல வெயில்தான். ஆனால் ஏரிப்பக்கம், விமானதளம் இருக்கிற பள்ளத்தில், ஒன்றும் தெரியவில்லை, ஒரே வெள்ளை. அதற்கு மேலே ஒரு குட்டி விமானம் சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளையில் சிவப்புக் கோடு, உன்னுடையதைப் போலவே. மூன்று சுற்று சுற்றியது. ஒரு தடவை அந்தப் பனிக்குள் இறங்கி, காணாமல் போய், மறுபடி மேலே வந்தது. பிறகு அப்படியே திரும்பிப் போய்விட்டது.

என் பேச்சு பொறுக்காமல் நீ கிளம்பி வந்துவிட்டாய் என்றே நினைத்தேன். ஈரப் போர்வையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாலு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. அப்பா ஆபரேஷனுக்குக் காத்துக்கொண்டு சிரித்த முகமாகப் படுத்திருந்தார். "இப்பதான் உன் பொண்ணு பேசினா. அங்கேயேதான் இருக்கா. அவ வரலைன்னா வானம் சரியில்லைன்னு அர்த்தம், விடு" என்றார். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உன்னைத் திட்டியதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

போன வாரம் விமானதள வானிலை அலுவலகத்துக்காரர் சட்டைகளை வாங்க வந்தார். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அன்று வந்தது பார்சல் விமானமாம், பக்கத்து ஊரில் பத்திரமாக இறங்கியதாம். என் ஆப்களும் பொய் சொல்லவில்லையாம். அவை ஊருக்குச் சொல்கிறவை, ஓடுபாதைக்கு இல்லை. நான் பார்த்த ஆறு மணியும் நம் ஆறு மணி இல்லையாம். விமானங்களுக்கு உலகம் முழுக்க ஒரே கடிகாரம், நாம் இருக்கிற இந்த மேற்கு நாட்டில் அது நமக்கு ஐந்து மணி நேரம் முந்தி ஓடுகிறதாம். நான் உனக்குப் படித்துக் காட்டியது நடுராத்திரி ஒரு மணி அறிக்கை! அதை அந்த இலவசப் பக்கத்துக்காரர்கள் புதுப்பிக்காமலே போட்டு வைத்திருக்கிறார்கள். வானிலைத் துறையின் சொந்தப் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும், அதிலும் முதலில் நேரத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அன்று நீ பார்த்தது அதைத்தானே? நான் கேட்கவே இல்லை.

இப்போது இஸ்திரி மேஜைக்கு மேலே பழைய கடிகாரத்தை ஐந்து மணி நேரம் முன்னே தள்ளி வைத்து மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம், அக்கா, கடிகாரம் கெட்டுப்போச்சு என்கிறார்கள். கெட்டதெல்லாம் என் வாய்தான் என்று யாரிடம் சொல்வது?

கண்ணு, அந்த வார்த்தையை மறந்துவிடு. ஒரு தடவை வீட்டுக்கு வா. ஆனால் வானம் விட்டால் மட்டும் வா. நான் அழுது கூப்பிட்டாலும், திட்டிக் கூப்பிட்டாலும் நீ அந்த வானிலைப் பக்கத்தைப் பார்த்துத்தான் முடிவு பண்ண வேண்டும். நாளைக்கு எனக்கே ஒன்று என்றாலும், பனி விலகும் வரை அங்கேயே இரு. நான் காத்துக்கொண்டிருப்பேன்.

ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் நீ பத்திரமாக இருக்க வேண்டும்.

உன் சிடுமூஞ்சி அம்மா